பக்தபூரின் மர ஜன்னல்கள்

காத்மாண்டு பள்ளத்தாக்கில் இருக்கும் பக்தபூருக்குப் போகிறவர்கள் மயில் ஜன்னலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தத்தாத்ரேயர் கோயிலுக்கு அருகே பூஜாரி மடம். அதன் பக்கத்துச் சந்தில், செங்கல் சுவரில் இருக்கிறது அந்த ஜன்னல். நடுவில் தோகை விரித்த மயில். இறகுகளுக்கு இடையே உள்ள இடைவெளிதான் உள்ளே வெளிச்சம் வரும் வழி. சுற்றிலும் சின்னச் சின்னப் பறவைகள். 1970-ல் நேபாளப் பட்டத்து இளவரசர் வீரேந்திராவுக்குத் திருமணம் நடந்தபோது, இந்த மடத்தைச் செப்பனிட்டுத் தருவதையே கல்யாணப் பரிசாக அளித்தது மேற்கு ஜெர்மனி.

ஆனாலும் எனக்குப் பிடித்தவை அந்த ஊரின் சாதாரண வீட்டு ஜன்னல்கள்தான். இங்கு வாழும் நேவார் மக்களின் பழைய வீடுகளில் தரைத்தளம் கடைக்கும் சரக்குக்கும்; சமையல் மேலே, கூரையடியில். நடுவே குடும்பம் கூடி உட்காரும் தளத்தில்தான் பெரிய ஜன்னலை வைப்பார்கள். அது தெருவை நோக்கிச் சற்றே சாய்ந்து நிற்கும். திருவிழாத் தேர் வரும் நாளில் வீட்டார் எல்லோருக்கும் இடம் அங்கேதான்.

கிராதி ஜன்னல் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. சந்திக்கும் இடத்தில் ஒவ்வொன்றிலும் காடி எடுத்து, பாய் முடைவதுபோல் ஒன்றை ஒன்றில் கோத்திருக்கிறார்கள். ஆணி இல்லை, பசையும் இல்லை. ஒரு காடி கொஞ்சம் பிசகினாலும் பக்கத்துச் சட்டம் உட்காராது. உள்ளே இருப்பவருக்குத் தெரு முழுக்கத் தெரியும். தெருவில் நிற்பவருக்கு உள்ளே இருட்டு மட்டும்தான். கண்ணாடி அரிதாக இருந்த காலத்தில் காற்று, வெளிச்சம், மறைவு மூன்றையும் மரத்திலேயே சாதித்த தச்சர்களை எவ்வளவு கொண்டாடினாலும் தகும்.

ஜன்னலின் மேல்சட்டமும் கீழ்ச்சட்டமும் திறப்போடு நிற்பதில்லை. இரு பக்கமும் நீண்டு செங்கல் சுவருக்குள் புதைகின்றன. மண் சாந்தில் எழுப்பிய சுவர் நிலநடுக்கத்தில் சரியும். கழுந்தும் துளையுமாகச் சேர்த்த மரம் இடிபாட்டுக்குள்ளும் பெரும்பாலும் பிழைத்துக்கிடக்கும். 1934 நிலநடுக்கத்தில் பக்தபூரின் 55 ஜன்னல் அரண்மனை பெரும் சேதம் கண்டது. பூபதீந்திர மல்லர் என்ற அரசரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மாளிகை அது. மேல்தளம் முழுக்க ஒரே வரிசையாக ஜன்னல்கள். பழுதுபார்த்து நிறுத்திய அந்த மாளிகை 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் விரிசல்களோடு தப்பியது. அதே நாளில் பாட்டன் நகரில் கோயில்கள் இடிந்து விழுந்தபோது, செதுக்கிய மரங்களை இடிபாட்டிலிருந்து பொறுக்கி, அந்த நகரின் அரண்மனை வளாகத்தில் சேர்த்துவைத்து, மீண்டும் கட்டும்போது பயன்படுத்தினார்கள்.

நிலநடுக்கத்தைவிட எனக்குக் கவலை தருவது அலுமினியச் சட்டமும் கண்ணாடியும்தான். பழைய வீட்டைப் பாகம் பிரித்துக் கான்கிரீட்டில் கட்டும்போது ஜன்னல்தான் முதலில் போகிறது. செதுக்கும் கைகள் இன்னும் ஊரில் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை இருக்கும்வரைதான் இந்த ஜன்னல்களும் இருக்கும்.

பக்தபூர் போனால் மயில் ஜன்னலோடு நின்றுவிடாதீர்கள். பின்பக்கச் சந்துகளில் நடந்து, யாரும் படம் எடுக்காத வீடுகளையும் அண்ணாந்து பாருங்கள்.