பதினோராவது மாடியில் ஒரு கொடி

செராஸ் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பதினோராவது மாடியில் ஒரு பாட்டி வசிக்கிறார். முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்ட நிலம் வீடமைப்புக்குப் போனதும் மகன் வீட்டுக்கு வந்தார். “ஒரு பிடி மண்ணு கூட இல்லாத வீடு” என்பது அவருடைய நெடுநாள் குறை.

அதைப் போக்க எண்ணிய பேத்தி, பள்ளி விடுமுறையில் கேமரன் மலையிலிருந்து ஐவிக் கொடி ஒன்றை வாங்கி வந்தாள். நாள் தவறாமல் நீர் ஊற்றினாள். ஒரு மாதத்திற்குள் இலைகள் பழுத்து உதிர்ந்தன. பாட்டி தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. ஐவி, ஐரோப்பாவின் குளிர்ந்த காடுகளில் படரும் கொடி. மலைக் குளிரில் செழித்தது, செராஸ் வெப்பத்தில், ஓயாத ஈரத்தில் மூச்சுத் திணறிப்போனது. அன்பு கூடிப்போனதும் ஒரு காரணம்தான்.

“இந்தச் சூட்டுக்கு ஒத்துவர்றத வளர்ப்போம்மா” என்ற பாட்டி, பக்கத்து வீட்டுச் சீன அம்மையாரிடம் பணச்செடித் தண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதுவும் இந்த ஊர்ச் செடி அன்று. பசிபிக் பெருங்கடலின் மொரேயா தீவு அதன் தாயகம். அது பூப்பது மிக மிக அரிது. அதனால், வீடுகளில் தொங்கும் பணச்செடிகள் பெரும்பாலும் யாரோ யாருக்கோ வெட்டிக் கொடுத்த தண்டிலிருந்து வந்தவையே.

பாட்டி கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினார். கணுவில் இருக்கும் பழுப்பு முண்டிலிருந்துதான் வேர் வரும். கணு நீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்குமாறு தண்டை ஊறுகாய்ப் போத்தலில் வைத்தார். சில வாரங்களில் வெள்ளை வேர்கள் நீண்டன.

ஒரு நாள் காலை, அந்த நீரில் புழுக்கள் நெளிவதைப் பேத்தி கண்டாள். சென்ற ஆண்டு டிங்கிக் காய்ச்சலால் மருத்துவமனையில் கிடந்தவன் அவள் தம்பி.

“தூக்கி வீசுங்கம்மா!” என்றார் அப்பா. இவ்வளவு உயரத்திற்குக் கொசு வராது என்று நம்பியிருந்தவர் அவர். கொசு மாடி எண்ணைப் பார்ப்பதில்லை.

பாட்டி பதில் பேசவில்லை. தண்டை எடுத்துக் கழுவினார். போத்தலில் கொதிநீரை ஊற்றினார். நீரை மாற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே போத்தலின் சுவரில் முட்டையிடும். அந்த முட்டைகள் காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். அதனால் உட்புறத்தை நன்றாகத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும் என்பதால், வாரம் இரு முறை அந்த வேலை பேத்தியுடையதாயிற்று.

கொடி இப்போது சன்னல் கம்பியைத் தாண்டிவிட்டது. சென்ற வாரம் மூன்று கணுக்கள் கொண்ட தண்டு ஒன்று, போத்தலோடு பன்னிரண்டாவது மாடிக்குப் போனது. கூடவே, தேய்ப்பதற்கு ஒரு பழைய பல்துலக்கியும் போனது.