மலைக்கோட்டை ஊரில் சூசையப்பர் கோயில்

திருச்சியிலிருந்து ரயிலில் வருபவருக்கு ஊர் வருவதற்கு முன்பே பாறை தெரிந்துவிடும். மரம் செடி அதிகம் ஒட்டாத மொட்டைப் பாறை, அதன் உச்சியில் கோட்டைச் சுவர். திண்டுக்கல்லுக்கு முகவரியே அதுதான். 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் தொடங்கிய கோட்டையில் பின்னர் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் படை வைத்தார்கள். 1790இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சீட்டு வாங்கி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கலாம். அங்கே குடியிருப்பவர் யாரும் இல்லை.

பாறைக்குக் கீழே இருப்பது உழைப்பாளிகளின் ஊர். மாங்காய்ப் பூட்டு செய்த பட்டறைகள், தோல் ஷாப்புகள், சுருட்டும் புகையிலையும், நாகல் நகரின் சௌராஷ்டிர நெசவாளர்கள், அடுத்துள்ள சின்னாளபட்டியின் சுங்குடிச் சேலை, பின்னால் வந்த நூற்பாலைகள், எல்லாவற்றுக்கும் பிந்திப் புகழ்பெற்ற பிரியாணி என்று பட்டியல் நீளும். பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதைக் கையால் செய்யத் தெரிந்தவர்கள் சொற்பமாகிவிட்டிருந்தார்கள். பேகம்பூரில் ஹைதர் அலியின் சகோதரி அடக்கமான பெரிய பள்ளிவாசல், ஊருக்குள் காளஹஸ்தீஸ்வரர் – அபிராமி அம்மன் கோயில், 1830களில் வந்த அமெரிக்க மதுரை மிஷனின் வழித்தோன்றலான தென்னிந்தியத் திருச்சபை என்று எல்லாச் சமயமும் நெருங்கி வாழ்ந்த ஊர் இது. அந்த வரிசையில் ஒன்றுதான் புனித வளனார் பேராலயம். பழையவர்கள் வாயில் அது இன்னமும் சூசையப்பர் கோயில்.

கோயில் கட்டப்பட்டது 1866க்கும் 1872க்கும் இடையில். ரோமில் கலைக்கப்பட்ட இயேசு சபை மறுபடி உயிர்பெற்று, அதன் பிரெஞ்சுக் குருக்கள் 1838 வாக்கில் தங்கள் சபையின் பழைய மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்து ஒரு தலைமுறை ஆகியிருந்த காலம் அது. கோயில் பாதி எழும்பியிருந்தபோது, 1870 டிசம்பரில், திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் சூசையப்பரை உலகத் திருச்சபை முழுவதற்கும் பாதுகாவலராக அறிவித்தார். தச்சரான அவருக்குத் தொழிலாளர் பாதுகாவலர் என்று மே 1ஆம் தேதி இன்னொரு திருவிழா 1955இல்தான் சேர்ந்தது. பட்டறை ஊர் அதற்கு எண்பது ஆண்டு முன்பே அவரைத் தன் பாதுகாவலராக்கிக்கொண்டிருந்தது.

ரயில் பாதை திண்டுக்கல்லுக்கு வந்தது 1875இல், கோயில் முடிந்து மூன்று ஆண்டு கழித்து. ஆகவே செங்கல்லும் மரமும் சுண்ணாம்பும் மாட்டுவண்டியில்தான் வந்திருக்க வேண்டும். இந்தியாவில் சிமெண்ட் ஆலைகள் எழும்பியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன் இந்தப் பக்கம் பெரிய கட்டடம் என்றால் சுண்ணாம்புச் சாந்துதான். காளவாயில் சுட்ட சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுப் பதப்படுத்துவார்கள். மெதுவாக இறுகும் சாந்து அது. ஆனால் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுவிடும்.

கட்டியபோது அது திருச்சியைப் பார்த்து நின்ற ஒரு பங்குக் கோயில். அரசு நிர்வாகத்தில் திண்டுக்கல் மதுரை ஜில்லாவின் பகுதி. 1985இல்தான் தனி மாவட்டம் ஆனது. கத்தோலிக்க நிர்வாகத்தில் அது திருச்சி மறைமாவட்டத்தோடு இருந்தது. 2003 நவம்பர் 10ஆம் தேதி திண்டுக்கல் தனி மறைமாவட்டமாகப் பிரிந்தபோது, சூசையப்பர் கோயில் ஆயரின் இருக்கை உள்ள பேராலயமாக உயர்ந்தது. முதல் ஆயர் அந்தோணி பாப்புசாமி இதே சீமையின் மாரம்பாடியில் பிறந்தவர். 2014இல் மதுரைப் பேராயராகப் போனார். அவருக்குப் பின் 2016இல் தாமஸ் பால்சாமி ஆயரானார்.

பேராலயம் என்றால் பெயரில் மட்டும் மாற்றம் இல்லை. குருப்பட்டம், புனித வாரத்தில் எண்ணெய் மந்திரிக்கும் பூசை, யூபிலி விழாக்கள் என்று சுற்றுவட்டாரமே ஒரே நாளில் ஒரே கூரைக்குக் கீழே வரும். 2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை 2,07,327. மாட்டுவண்டிக் காலத்துக் கோயில் இத்தனை பெரிய ஊருக்காகத் திட்டமிட்டதல்ல.

கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய சமவெளிக்குப் போக வேண்டும். கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, நடுவே செம்மண்ணும் கிணற்றுப் பாசனமும். சோளம், நிலக்கடலை, முருங்கை, புகையிலை, மல்லிகை. இந்தப் பூமியில் பஞ்சம்பட்டி, மாரம்பாடி, கொசவபட்டி, புகையிலைப்பட்டி, முள்ளிப்பாடி, மேட்டுப்பட்டி, தோமையார்புரம் என்று கத்தோலிக்கர் நிறைந்த ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. அந்தோணியாருக்கும் சந்தியாகப்பருக்கும் தேர் இழுப்பார்கள். தவக்காலம் முடிந்தால் பாஸ்கா நாடகம் போடுவார்கள். தை மாதத்தில் வாடிவாசலும் திறக்கும். தலைக்கட்டு வரி எழுதி, ஆடு கோழி ஏலம் விட்டுக் கோயில் கட்டிய ஊர்கள் இவை. இவற்றின் பிள்ளைகள்தான் மில் வேலைக்கும் படிப்புக்கும் அரசு உத்தியோகத்துக்கும் திண்டுக்கல்லுக்குக் குடிவந்து நகரத்துப் பங்குகளை நிறைத்தார்கள்.

பல கிராமங்களில் பழைய கோயிலை இடித்துவிட்டு அதே இடத்தில் பெரிய கான்கிரீட் கோயில் கட்டுகிறார்கள். உயரக் கோபுரம், கிரானைட் தரை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் நன்கொடைக் கல்வெட்டு. இதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. மழையில் வெளியே நின்று பூசை கண்டவர்களுக்கு இடம் வேண்டும். ஆனால் இடித்துவிட்டால் அந்தச் சாந்தும் தச்சு வேலையும் திரும்பி வராது. அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் பூட்டுப் பட்டறைக் கைகளைப் போலவே அருகிவிட்டன.

இடிக்காமல் காப்பாற்றிய கோயிலுக்கும் ஆபத்து உண்டு. அது பெரும்பாலும் பாசத்தால் வருவது. சைவ வைணவக் கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, குடமுழுக்கு என்று ஒரு மரபு இருக்கிறது. மாதா கோயில்களுக்கு அப்படி ஒரு கெடு இல்லை. நூறாண்டு, நூற்றைம்பதாண்டு யூபிலி வந்தால்தான் கமிட்டி கூடும், ரசீதுப் புத்தகம் அச்சாகும். விழாத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பதால் கண்ணுக்குத் தெரிவது முதலில் நடக்கும். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசுவார்கள், அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பார்கள், இடுப்பளவு டைல்ஸ் ஒட்டுவார்கள். திருவிழா அன்று கோயில் ஜொலிக்கும். நாலைந்து மழை கழிந்தால் அடிச்சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். சுவருக்குள் மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லையே அரிக்கத் தொடங்கும். கொத்தனார் மேல் பழி விழும். அவர் கேட்டதைச் செய்தவர்தான்.

பழைய கட்டடம் கேட்பது வேறு. தளத்தில் தண்ணீர் தேங்காத வாட்டம், அடைப்பில்லாத மழைநீர்க் குழாய், கார்னிஸ் இடுக்கில் பறவை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்றை வேரோடு எடுப்பது, உத்திரத்தில் கரையான் பார்ப்பது, பழைய மின்கம்பியை மாற்றுவது, விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடைப்பது. இவற்றில் எதற்கும் திறப்பு விழா வைக்க முடியாது. அதனால்தான் எதற்கும் நன்கொடையும் எளிதில் சேராது.

இடப் பற்றாக்குறைக்கும் இடிக்காத வழி இருக்கிறது. சென்னை சாந்தோம் பேராலயம் 1896இல் எழும்பிய கோத்திக் கட்டடம். புனித தோமையாரின் கல்லறை அதன் கீழே இருக்கிறது. கல்லறையைப் பார்க்க வரும் கூட்டமும் மேலே பூசை காணும் பங்கு மக்களும் ஒருவருக்கொருவர் இடைஞ்சல். 2004ஆம் ஆண்டுத் திருப்பணியில் நிலவறைக் கல்லறைச் சிற்றாலயத்தைச் சீரமைத்து, பின்புறமிருந்து தனி வழி அமைத்தார்கள். மூலக் கட்டடம் அப்படியே நிற்க, கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

திண்டுக்கல் சீமைக்குத் தெரிந்த வழி இன்னும் பழையது: கிளைக் கிராமத்தில் ஆள் பெருகினால் அதைத் தனிப் பங்காக்கி, ஒரு பங்குச்சாமியை அங்கே குடிவைப்பது. நகரத்திலும் அதே முறையில் புதுக் குடியிருப்புகளுக்குப் புதுப் பங்குகள் பிரிந்தால், தாய்க்கோயில்மேல் விழும் பாரம் குறையும். ஞாயிறு பூசைகளை எண்ணிக்கையில் கூட்டலாம். பெருவிழாவுக்கு வெளியே பந்தல் போடலாம். சுவரைத் தள்ளிக் கட்ட வேண்டியதில்லை.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 13ஆம் நூற்றாண்டு தொமினிக்கர் கோயில் ஒன்று 2006 முதல் புத்தகக் கடையாக இருக்கிறது. ஐரோப்பாவில் கட்டடம் இருக்கிறது, சபை போய்விட்டது. அழகான கடைதான், ஆனால் அங்கே ஞானஸ்நானம் இல்லை. இங்கே நிலைமை தலைகீழ். சபை இருக்கிறது, அதன் கூட்டமே கட்டடத்துக்குச் சோதனை. அதற்கு மருந்தும் அந்தக் கூட்டத்திடமே உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு சனிக்கிழமை, பத்து இளைஞர்கள், ஒரு ஏணி, விவரம் தெரிந்த ஒரு கொத்தனார், தலைக்கட்டு வரியில் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய ஒரு சிறு பங்கு. ஆண்டுதோறும் தவறாமல் இது நடந்தால், அடுத்த யூபிலிக்குக் கோயிலைப் புதுப்பிக்க வேண்டிய தேவையே வராது.