சூடேறிய கணினியும் அவசரத் தீர்ப்பும்



நமது மதரஸாவின் அலுவலக அறையில் ஒரேயொரு கணினி இருக்கிறது. பெற்றோரின் நன்கொடையில் வாங்கப்பட்ட அமானிதம் அது. வருகைப் பதிவு, மதிப்பெண் பட்டியல், வரவு செலவுக் கணக்கு அனைத்தும் அதில்தான். குளிர்காலத்தில் வாங்கியபோது குறையொன்றும் தெரியவில்லை. கோடை விடுமுறை வகுப்புகளின் காணொளிகளைத் தொகுக்கத் தொடங்கியதும், வேலையின் நடுவே அது தானாகவே அணைந்து போனது. பெட்டியைத் தொட்டால் கை சுட்டது.

பதிவேடுகளைத் தட்டச்சு செய்ய நமக்குத் துணைபுரிந்தவர் பதினான்கு வயது மாணவர் ஒருவர். அவர் அன்று, "ஹஜ்ரத், இவ்வளவு சுடுது, ஆனா ஃபேன் சத்தமே கூடலையே?" என்றார். நாம் அதைக் காதில் வாங்கவில்லை. திருட்டுத்தனமாக விளையாட்டு மென்பொருள் எதையோ ஏற்றிவிட்டார் என்றே முடிவு செய்தோம். "இனி இந்த அறைப் பக்கம் வர வேண்டாம்" என்று மற்ற மாணவர்கள் முன்னிலையிலேயே சொல்லிவிட்டோம். "நான் ஒண்ணும் செய்யல ஹஜ்ரத்" என்று மட்டும் சொல்லி, தலைகுனிந்து சென்றார்.

கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தும் நம் முன்னாள் மாணவரை வரவழைத்தோம். அவர் தூசியை அகற்றினார். பிராசஸரின் மேலிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதியது தடவினார். விளையாட்டு எதுவும் இருக்கிறதா எனத் தேடச் சொன்னோம்; ஒன்றும் இல்லை. ஆயினும் காணொளியைத் தொகுக்கையில் வெப்பம் 95 பாகையைத் தொட்டது. மின்விசிறியோ மெதுவாகவே சுழன்றது. அதைத் தனியே சோதித்தபோது பழுதில்லை. அப்படியானால், வேகமாகச் சுழலும்படி அதற்குக் கட்டளையிட வேண்டியது இடவில்லை என்று பொருள்.

அக்கட்டளையை இடுவது மதர்போர்டில் பதிந்துள்ள பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள். எத்தனை பாகையில் விசிறி எவ்வளவு வேகம் கொள்ள வேண்டும், பிராசஸருக்கு எவ்வளவு மின்னழுத்தம் தர வேண்டும் என்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. மின்னழுத்தம் 10 விழுக்காடு கூடினால், அதே வேகத்தில் இயங்கினாலும் மின்செலவு ஏறத்தாழ 21 விழுக்காடு கூடும்; அது முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். நமது கணினியில் இருந்தது முதன்முதலில் வெளியான பயாஸ். பின்னர் வந்த பதிப்பின் குறிப்பில், விசிறிக் கட்டுப்பாடு திருத்தப்பட்டதாக ஒரே வரி இருந்தது.

பயாஸை மாற்றுவது எளிது; ஆனால் அலட்சியத்திற்கு இடமில்லை. முதலில் பதிவேடுகளுக்கு நகல் எடுத்தோம். மதர்போர்டின் பெயரையும் திருத்த எண்ணையும் சரிபார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே கோப்பை இறக்கிப் பென் டிரைவில் இட்டோம். எழுதும் வேளையில் மின்சாரம் போனால் கணினி மீண்டும் உயிர்பெறாமலே போகக்கூடும்; ஆகவே யுபிஎஸ் இணைத்தோம். சில நிமிடங்களில் முடிந்தது. பழைய அமைப்புகள் அழிந்திருந்தமையால் தேதியையும் விசிறி அமைப்பையும் மீண்டும் சரிபார்த்தோம். அதே காணொளியைத் தொகுத்தபோது விசிறி இரைந்தது. வெப்பம் 72 பாகையைத் தாண்டவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

2024இல் இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்கள் சில, மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலைந்த செய்தியை அந்த முன்னாள் மாணவர் கூறினார். நமது கணினியில் உள்ளது அவ்வகையன்று. அதற்கான திருத்தமும் பயாஸ் வழியாகவே வந்ததாம். ஆனால் முன்பே சேதமுற்ற பிராசஸர்களை அத்திருத்தம் சீராக்காதாம். அதைக் கேட்டதும் நமக்கு அந்தச் சிறுவரின் முகமே நினைவுக்கு வந்தது.

நோயின் காரணத்தை முதல் நாளே சுட்டிக்காட்டியவர் அவர். நாமோ ஆதாரமின்றி ஐயுற்றோம். மார்க்கம் தடுத்த தவறான எண்ணத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நாமே அதில் விழுந்தோம். பலர் முன்னே பழித்ததைத் தனியே அழைத்துச் சரிசெய்வது நீதியாகாது. அஸர் தொழுகைக்குப் பின் அதே மாணவர்களை அமரவைத்து, "தவறு நம்முடையது; இவர் குற்றமற்றவர்; இவர் சொன்னதே சரி" என்று கூறி அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

வீட்டில் ஒரு பொருள் பழுதானால், "யார் கெடுத்தது?" என்றே நம்மில் பலர் முதலில் கேட்கிறோம். "என்ன நடந்தது?" என்று கேட்பதே முறை. கைக்கு அருகில் இருப்பவர் பெரும்பாலும் பிள்ளையே என்பதால், பழியும் பிள்ளையின் மீதே விழுகிறது.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "இப்ப ஃபேன் சத்தம் கேக்குதா ஹஜ்ரத்?"

"வந்து கேட்டுப் பாருங்கள் தம்பி" என்று அறைக்கு அழைத்துச் சென்றோம்.