பன்னிரண்டு பார், ஐந்து ஸ்வரங்கள்

கிட்டார் கற்பதில் முதல் ஆண்டுதான் கடினமானது என்று சொல்வார்கள். விரல் நுனி தடித்துப் போகும்வரை வலிக்கும். எஃப் கார்டை முழுதாக அழுத்திப் பிடிப்பதற்குள் மணிக்கட்டு சலித்துவிடும். ஆயினும் அந்த நாட்களில் ஒவ்வொரு வாரமும் ஏதேனும் ஒன்று புதிதாகக் கைவசப்படுகிறது. உண்மையான சோதனை அதற்குப் பிறகு, நான்கைந்து ஆண்டுகள் கழித்து வருகிறது. கார்டுகள் தடையின்றி மாறுகின்றன. ஸ்கேல்கள் கண்ணை மூடிக்கொண்டாலும் ஓடுகின்றன. பிறர் வாசித்த சோலோக்களை ஒன்றிரண்டு இடறல்களோடு திரும்ப வாசிக்கவும் முடிகிறது. ஆனால் பின்னணியில் தாளத்தை ஓடவிட்டு, இப்போது நீயாக வாசி என்று சொல்லிவிட்டால், நமக்கென்று சொல்ல ஏதுமில்லை என்பது இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

நாங்கள் மூவர் இந்த இடத்தில் வெகுகாலம் நின்றோம். மூவருமே முப்பத்தைந்து வயதைக் கடந்தபின் கிட்டாரைத் தொட்டவர்கள். ஞாயிறு மாலைகளில் எங்களில் ஒருவர் வீட்டு மொட்டைமாடி அறையில் கூடுவோம். மூவரில் வேகமான விரல்கள் வாய்த்த நண்பர் ஐந்தாம் ஆண்டில் தம் கிட்டாரை விற்றுவிட்டார். காரணம் கேட்டபோது, "எல்லாம் சரியாத்தான் வருது. ஆனா நான் அதுல இல்ல" என்றார். மறுத்துச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் சொன்னது எங்கள் இருவருக்கும் பொருந்துவதாகவே இருந்தது.

இடைநிலை மாணவனின் உலகம் ஐந்து ஸ்வரங்களால் ஆனது. மைனர் பெண்டாடோனிக் என்று அதற்குப் பெயர். ஏ-யைத் தொடக்கமாகக் கொண்டால் ஏ, சி, டி, ஈ, ஜி. நம் சங்கீதம் அறிந்தவர்கள் இதைச் சுத்த தன்யாசியின் ஸ்வர வரிசை என்று உடனே கண்டுகொள்வார்கள். ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து எட்டாவது ஃப்ரெட் வரை, கையை நகர்த்தாமலே, ஆறு தந்திகளிலும் இவற்றை வாசித்துவிடலாம். இந்த இடத்தைப் பாக்ஸ் என்கிறார்கள். ப்ளூஸ் தாளத்தின் மேல் இந்த ஐந்தில் எதைத் தொட்டாலும் பெரிய அபஸ்வரம் எழாது. அதுவே இதன் கொடை, அதுவே இதன் கண்ணியும்கூட. எதை வாசித்தாலும் ஒப்பேறிவிடுகிறது என்பதால் காது வேலை செய்ய வேண்டிய தேவையே எழுவதில்லை. விரல்கள் பழகிய பாதையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் ஆசிரியர் மெல்லிசைக் குழுக்களில் பல ஆண்டுகள் வாசித்தவர். நாங்கள் புதிய ஸ்கேல் கேட்டுப் போனபோது அவர் தர மறுத்துவிட்டார். "இருக்கிற அஞ்சையே நீங்க இன்னும் கேக்கல தம்பி" என்றார். பிறகு எங்களை ஓர் எளிய கணக்கைப் போடச் சொன்னார்.

ப்ளூஸின் ஒரு சுற்று பன்னிரண்டு பார்களைக் கொண்டது. ஒவ்வொரு பாரிலும் நான்கு எண்ணிக்கைகள். முதல் நான்கு பார் ஏ7, அடுத்த இரண்டு டி7, மீண்டும் இரண்டு ஏ7, பிறகு ஈ7 ஒன்று, டி7 ஒன்று, இறுதியில் ஏ7 இரண்டு. ஏ7 கார்டுக்குள் இருப்பது சி ஷார்ப். எங்கள் ஐந்து ஸ்வரங்களில் இருப்பதோ சி. ஆகவே முதல் நான்கு பார்களில் சி ஒரு விருந்தாளியைப்போல இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறது. ஐந்தாவது பாரில் டி7 வந்தவுடன் நிலைமை மாறுகிறது. டி7-க்குள் சி இருக்கிறது. சற்றுமுன் தவித்த அதே ஸ்வரம், விரல் அசையாமலே, தன் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக இதே சி-யை ஆயிரக்கணக்கான முறை வாசித்திருந்தோம். அதற்குக் கீழே தரை நகர்வதை அன்றுதான் கேட்டோம்.

அதன்பின் பி.பி. கிங்கைக் கேட்பது வேறுவிதமான அனுபவமாயிற்று. மிசிசிப்பியில் 1925-இல் பிறந்து, 2015-இல் மறைந்த இக்கலைஞரின் 'லைவ் அட் தி ரீகல்', 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவானது. வேகத்தை எதிர்பார்த்து அதைக் கேட்பவருக்கு ஏமாற்றம்தான். அவர் வாசிக்கும் ஸ்வரங்கள் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் அடியிலுள்ள கார்டைப் பார்த்துப் பேசுகிறது. பாடும்போது அவர் கிட்டாரில் சோலோ வாசிப்பதில்லை, வாசிக்கும்போது பாடுவதில்லை. ஒரு வரி குரலில் எழுகிறது, அதற்குப் பதில் தந்தியில் வருகிறது. பதிலுக்கு முன் ஒரு மூச்சு இடைவெளியும் இருக்கிறது. அவருடைய தாயின் வழி உறவினரான புக்கா வைட் தந்திமேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு முறையில் தேர்ந்தவர். பி.பி. கிங்குக்கு அது கைவரவில்லை. அந்த நாதத்தைத் தேடி இடதுகையை அதிரச் செய்ததில் உருவானதுதான் அவருடைய புகழ்பெற்ற விப்ராட்டோ. தம் காதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்த ஒன்றை நோக்கியே அவர் விரல்கள் போயின. எங்கள் விரல்களோ காதைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன.

ஆசிரியர் அடுத்து வைத்தது சுருதிப் பயிற்சி. மூன்றாவது தந்தியின் ஏழாவது ஃப்ரெட்டில் டி இருக்கிறது. அந்தத் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி ஈ வரை உயர்த்த வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க, இரண்டாவது தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் அதே ஈ காத்திருக்கிறது. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் எழுப்புவதற்கு நெருங்கிய வேலை இது. ஒற்றை விரலால் ஆகாது. பின்னாலுள்ள விரல்களும் சேர்ந்து தள்ள வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும். எங்கள் ஈ பெரும்பாலும் இலக்குக்குச் சற்று முன்பாகவே களைத்து நின்றது. ஏ7-இன்மேல் சி-யை இம்மியளவு தள்ளி, சி-க்கும் சி ஷார்ப்புக்கும் இடையே பியானோவின் கட்டைகளில் இல்லாத ஓரிடத்தில் நிறுத்துவது இன்னும் நுட்பமானது. அந்த இடத்தை எந்த ஃப்ரெட்டும் காட்டித் தராது. காதுதான் போய்த் தேட வேண்டும்.

கடைசியாக அவர் விதித்தது, பாடாமல் வாசிக்கக் கூடாது என்பது. "வாயில வராதது விரல்ல வந்தா, அது உங்களுது இல்ல" என்பது அவர் கட்சி. கூச்சம் பிடுங்கித் தின்ற நாட்கள் அவை. ஆனால் பாடத் தொடங்கியதும் ஒன்று நிகழ்ந்தது. பாடுகிறவனுக்கு மூச்சு தீர்ந்துவிடுகிறது, நிறுத்தியே ஆகவேண்டும். விரலுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது, அது விடியும்வரை ஓடும். எங்கள் சோலோக்களில் முதன்முறையாக மௌனம் நுழைந்தது இவ்வாறுதான். மௌனம் வந்தபின்னரே, முன்பு சொன்னதற்கும் இனிச் சொல்லப்போவதற்கும் ஓர் உறவு உண்டாயிற்று.

இவையெல்லாம் கைகூடியதாகச் சொல்ல மாட்டோம். இன்றும் நாங்கள் இடைநிலையில்தான் இருக்கிறோம். ஐம்பதை எட்டும் விரல்கள் இனி வேகம் கூட்டப்போவதுமில்லை. ஆனால் தேக்கத்துக்குப் பெயர் தெரிந்துவிட்டது. கை முன்னே போய்விட்டது, காது பின்தங்கிவிட்டது, அவ்வளவே. இது திறமைக் குறைவு அல்ல என்பதை யாராவது உரிய நேரத்தில் சொல்லியிருந்தால் எங்கள் நண்பர் கிட்டாரை விற்றிருக்க மாட்டாரோ என்ற எண்ணம் மட்டும் எங்களை விட்டு நீங்கவில்லை. அவர் வாசித்ததில் அவர் இல்லாமல் போனதற்குக் காரணம், அவர் அங்கே தம்மைக் கேட்காததுதான். விரல் நன்றாக ஓடுகிறவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

அவர் இப்போதும் சில ஞாயிறுகளில் வந்து உட்காருவதுண்டு. வழக்கப்படி ஆளுக்கொரு சுற்று சோலோ எடுக்கிறோம். மூன்றாவது சுற்று வரும்போது இருவரும் கார்டுகளை மட்டும் மெல்ல வாசித்து, பன்னிரண்டு பார்களையும் அவருக்கென்று விட்டுவிடுகிறோம். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லிக்கொண்டதில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள், டி7 வந்த இடத்தில், அவர் வாய்க்குள்ளேயே நான்கு ஸ்வரங்கள் முனகினார். சி-யில் வந்து நின்றார். நாங்கள் கார்டை மாற்றாமல் அவர் மூச்சு முடியும்வரை காத்திருந்தோம்.