வேலியோர மரமும் தீவின் மரமும்

திருமழிசையைச் சுற்றித் தொழிற்பேட்டையும் புதிய குடியிருப்புகளும் பெருகப் பெருக, உயிர்வேலிகள் மறைந்து மதிற்சுவர்கள் எழுந்துவிட்டன. எங்கள் வீட்டுப் புறக்கடையில் மட்டும் ஒரு கல்யாண முருங்கை இன்னும் நிற்கின்றது. பெயரில் முருங்கையாயினும் அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். மணப்பந்தலில் அதன் கிளையை நடுவதும், சளிக்கு அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை சுடுவதும் நம் இல்லங்கள் அறிந்தவையே.

சில ஆண்டுகளுக்கு முன் அதன் தளிர்கள் கொப்புளம் கண்டு சுருண்டன. வெட்டிவிடுமாறு அக்கம்பக்கத்தார் கூறினர். காரணம் தேடிய எங்களுக்குக் கிடைத்த விடை வியப்பளித்தது. ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒருவகைக் குளவி தளிரைத் துளைத்து முட்டையிடுவதால் வரும் கேடு அது. 2006-இல் கேரளத்தில் இக்குளவி அறியப்பட்டது. மிளகுக்கொடி படர நட்ட முள்முருங்கைகள் அங்கே பெருஞ்சேதமுற்றன.

ஆயினும் நம்மினும் பெரிய இழப்பை எதிர்நோக்கியவை ஹவாய்த் தீவுகள். புனித தமியான் தொழுநோயாளரிடையே பணிபுரிந்து 1889-இல் உயிர்நீத்த மொலோக்காய் அவற்றுள் ஒன்று. எந்தப் பெருநிலத்திலிருந்தும் 3000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அத்தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது, நம் கல்யாண முருங்கையின் உறவான விலிவிலி. இலேசான அதன் கட்டையால் மீனவர் வலைமிதவைகள் செய்தனர். மேய்ச்சலாலும் தீயாலும் விலிவிலிக் காடுகளின் பெரும்பகுதி முன்னரே அழிந்திருக்க, 2005-இல் அக்குளவி அங்கும் வந்து, சில திங்களில் தீவுகளெங்கும் பரவியது. அத்தகைய பகையை முன்பு கண்டிராத மரங்கள் பல பட்டுப்போயின.

அறிஞர்கள் சோர்ந்துவிடவில்லை. அக்குளவியின் புழுக்களையே உண்ணும் வேறொரு சிறு குளவியைத் தான்சானியாவில் கண்டனர். அது பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதென்று பொறுமையாகச் சோதித்தறிந்த பின்னரே, 2008 நவம்பரில் அதனைத் தீவுகளில் விடுத்தனர். விலிவிலி மீண்டும் தழைத்தது. எனினும் பூவுக்கும் காய்க்கும் நேரும் சேதம் முற்றிலும் நீங்கவில்லை; ஆகவே விதைகளைச் சேமித்தும் காக்கின்றனர்.

எங்கள் மரத்தின் வீங்கிய தளிர்களைக் கழித்து எரித்தோம். அது மறுபடி துளிர்த்தது. ஒருவேளை பட்டுப்போயிருந்தாலும், வேறொரு வேலியிலிருந்து போத்து ஒன்றைக் கொணர்ந்து நட்டிருக்கலாம். விலிவிலிக்கோ வேறு வேலி இல்லை. நமக்குங்கூட அவ்வேலிகள் எத்தனை நாளைக்கு? மதில் எழுப்புவோர் மூலையில் ஒரு முழ நிலம் விட்டு, மழைக்காலத்தில் ஒரு போத்து நட்டால் போதும். நம் பேரப்பிள்ளைகளும் அந்த அடையின் சுவையை அறிவார்கள்.