விதைநெல்லும் ரிங்கிட்டும்

மலாயா ரயில்வேயில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியப்பா, திருவையாற்றுக்குத் திரும்பியிருந்தார். பிறந்த மண்தான், ஆனால் அவருடைய ஓய்வூதியத்துக்கு அது அயல்நாடு. வரவு ரிங்கிட்டில், அரிசியும் மருந்தும் ரூபாயில்.

1997 நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் 2.50 ரிங்கிட். 1998 ஜனவரியில் அது 4.50ஐத் தாண்டியது. ரூபாயும் இறங்கியிருந்தது, அவ்வளவு அல்ல. மாதவரவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கரைந்தது.

பெரியம்மாவின் இன்சுலின் ஒருநாளும் நிற்கவில்லை. ரிங்கிட்டுக்கு நல்ல விலை கிடைத்த ஆண்டுகளிலேயே ஓராண்டுச் செலவை ரூபாயாக்கி வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தார். "ஜூன் 12க்கு மேட்டூர் தெறந்துடும்னு வெதநெல்லப் பொங்கித் திங்கலாமாடா?" என்பார்.

அந்தச் செப்டம்பரில் மலேசிய அரசு டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தியது. 2005 ஜூலை வரை அது நீடித்தது. பழைய மதிப்புக்கு ரிங்கிட் மீளவேயில்லை. குறைந்த வரவுக்குள் வாழப் பழகிக்கொள்ள அவர்களுக்கு அந்த ஓராண்டு போதுமானதாயிருந்தது.