பாட்டி வீட்டுப் புகைக்குழாய்

இங்கிலாந்தில் லெஸ்டர் என்றொரு நகரம். லண்டனுக்கு வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். அங்கே தாதியாக இருக்கும் என் மகளைப் பார்க்கச் சென்ற ஜனவரியில் போயிருந்தேன்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். பார்த்ததும் நம் தோட்டத்து லயன்தான் நினைவுக்கு வந்தது. என்ன, இதற்கு மாடி உண்டு. பெல்கிரேவ் சாலைக்குப் போனால் சேலைக் கடை, நகைக் கடை, இனிப்புக் கடை! 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து துரத்திய இந்தியர்களில் பலர் இந்த ஊரில்தான் வந்து குடியேறினார்கள். குஜராத்திகளே அதிகம்.

காலை எட்டு மணிக்குத்தான் அங்கே விடிகிறது; மாலை ஐந்துக்குள் இருட்டிவிடுகிறது. குளிருக்கு வீட்டுக்கு வீடு பாய்லர் வைத்திருக்கிறார்கள். எரிவாயுவில் காய்ந்த தண்ணீர் குழாய் வழியே ஓடி, ஒவ்வோர் அறைச் சுவரிலும் பொருத்திய இரும்புத் தகடுகளைச் சூடாக்குகிறது. எந்நேரமும் எரியவிட்டால் பில் கட்டி மாளாது. ஆகவே காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று எரியவைக்க ஒரு டைமர். எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் இரவு பத்து மணிக்கு இன்ஜின் நின்று லைட்டு போய்விடும். அது துரை வைத்த நேரம். இது வீட்டுக்காரர் வைக்கும் நேரம்.

பாய்லர் எரிகிறதா என்பது தெருவிலிருந்தே தெரியும். சுவரில் நீட்டிய குழாயில் வெள்ளை ஆவி வரும். இரவு வேலை முடிந்து வந்த மகள் ஒருநாள், "அப்பா, பக்கத்து வீட்டுப் பாட்டி குழாயில ரெண்டு நாளா புகையே காணோம்" என்றாள்.

போய்க் கதவைத் தட்டினோம். எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பாட்டி, தனிக்கட்டை. வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்றார். சுவரிலிருந்த வெப்பமானி 11 டிகிரி காட்டியது. கேமரன் மலையில் இரவுகூடப் பெரும்பாலும் இத்தனை குளிராது. வீட்டுக்குள் 18 டிகிரியாவது வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குளிரில் முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறும், மாரடைப்புகூட வரலாம் என்று மகள் பதறினாள். முந்தின நாள் வந்து பார்த்த ஒருவன், எல்லாவற்றையும் மாற்றவேண்டும், ஆயிரக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பாட்டி தம் பென்ஷனை எண்ணிப் பார்த்துவிட்டு, குளிர்காலம் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

எதிர்வீட்டில் ஒரு குஜராத்திப் பெரியவர். சிறுவனாக உகாண்டாவிலிருந்து வந்தவர். எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஓடிப்போய் அழைத்து வந்தாள். டைமரின் வட்ட முகத்தில் சிவப்பு முள் இரண்டு, நீல முள் இரண்டு. சிவப்பில் எரியும், நீலத்தில் அணையும். அந்த வட்டமோ மூன்று இருபதிலேயே நின்றிருந்தது. பெரியவர் பக்கத்து விசையை '24 மணி நேரம்' என்ற இடத்துக்குத் தள்ளினார். சமையலறையில் பாய்லர் குப்பென்று பற்றிக்கொண்டது!

"பாய்லருக்கு ஒரு நோயும் இல்லை. கடிகாரம்தான் செத்துப்போச்சு" என்றார். ஒரு விசையைத் தள்ளிப் பார்க்க முந்தின நாள் வந்தவனுக்குக் கை வரவில்லை. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதவேண்டாம்.

மறுநாள் புது டைமர் வாங்கி வந்தார். மின்சாரத்தை நிறுத்தி, 3 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தெரியாமல் யாரும் சுவிட்சைப் போட்டுவிடக்கூடாதே! டெஸ்டர் வைத்துப் பார்த்தார். கம்பிகளைக் கழற்றுமுன் எது எங்கே என்று தாளில் படம் போட்டு, ஒவ்வொன்றிலும் அடையாளம் ஒட்டினார். பழைய வீட்டில் நிறத்தை நம்பக்கூடாதாம். நம் ஊர்ப் பழைய வீடுகளைப் போல அங்கும் சிவப்பு, கறுப்புக் கம்பிகள்தான் இருந்தன. 2004-க்குப் பிறகே பழுப்பும் நீலமும் வந்தன. பாட்டி வீட்டில் யாரோ மின்சாரம் வரும் கம்பியாகவே நீலத்தை இழுத்திருந்தார்கள்! பாய்லர் மூடியை மட்டும் பெரியவர் தொடவில்லை. எரிவாயு வேலையைப் பதிவு பெற்றவர்தான் செய்யலாம் என்பது அந்நாட்டுச் சட்டம்.

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. டைமரின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். "பழையதை நாற்காலியில் ஏறி நின்று தள்ளி வைப்பேன். இனி என் முழங்கால் கேட்காதே" என்று கவலைப்பட்டார் பாட்டி.

"நீங்கள் ஏறவேண்டாம். இது தானாகவே தள்ளிக்கொள்ளும்."

மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்து ஜன்னல் திரையை விலக்கினேன். வெளியே இன்னும் கும்மிருட்டு. தெருவிளக்கு வெளிச்சத்தில் பாட்டி வீட்டுக் குழாய் வெள்ளையாக ஊதிக்கொண்டிருந்தது.